அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கத்துச் சம்பளம்

இந்த வருஷம் மாம்பழ சீசனில் என் சம்பளத்தை நானே உயர்த்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். கம்பெனி உயர்த்தும் என்று காத்திருந்ததில் முன்மண்டை வழுக்கையானதுதான் மிச்சம். கம்பெனி உயர்த்துவதென்றால் ஆர்டர் வர வேண்டும், அப்ரைசல் வர வேண்டும், மேலே இருப்பவருக்கு மனசு வர வேண்டும். நானே உயர்த்துவதென்றால் வாயைத் திறந்தால் போதும்.

நான் சுரேந்தர். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். பத்தொன்பது வருஷ அனுபவம். ஒரு மேனேஜருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் ஒரு சம்பளம், ஓசூரில் ஒரு சம்பளம், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கர்நாடகாவுக்குள் போய்விட்டால் வேறு சம்பளம். அதே மிஷின், அதே டார்கெட், அதே திட்டு. நடுவில் ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், பெங்களூர் பொம்மசந்திராவில், என் சகலை ஹரீஷ்குமார். என் மனைவி மேகலாவின் தங்கை பிரியதர்ஷினியைக் கட்டியவன். அவனும் மேனேஜர்தான். அனுபவம் ஆறே வருஷம்.

நியாயமாகப் பேசினால் என் ஓசூர் சம்பளத்துக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

"ஏங்க, வாஷிங் மிஷின் ஒண்ணு..."

"ஓசூர் சம்பளம் மேகலா."

"லீவுல எங்கயாவது ரெண்டு நாள்..."

"ஓசூர் சம்பளம்."

போன வருஷம் தை மாசம் அவள் பெரிதாக ஒன்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஒரு போர் போட்டுக் குடுக்கலாங்க. கெணத்துல பொட்டுத் தண்ணி இல்ல. மாமரமெல்லாம் காயுது. இப்படியே வுட்டா தோப்ப பிளாட் போடறவனுக்குக் குடுத்துடுவாரு. நாம பாதி போட்டா ஹரீஷ் பாதி போடறேங்கிறாரு."

"அவன் போடுவான். அவன் பெங்களூர் சம்பளம். நான் ஓசூர் சம்பளம்."

மேகலா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். கெட்டிக்காரப் புருஷனாக இருந்தால் அந்த இடத்தில் பயந்திருப்பான். நான் நிம்மதியாக டிவி பார்த்தேன்.

உங்களிடம் மறைப்பானேன், பணம் இருந்தது. கார் வாங்கச் சேர்த்தது. வேப்பனப்பள்ளி மாமனார் வீட்டுக்கு ஹரீஷ் காரில் வந்து இறங்குவான். நாங்கள் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, கட்டைப்பையும் வியர்வையுமாக இறங்குவோம். ஒரு தடவையாவது அந்த வாசலில் என் காரின் ஹாரனை அடித்துவிட வேண்டும் என்பது என் வாழ்நாள் லட்சியம்.

அதற்கப்புறம் வந்த மாம்பழ சீசனில்தான் அந்த அடி விழுந்தது. நானும் ஹரீஷும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமனார் மாதப்பன் பேச்சுவாக்கில், "பெங்களூரு பக்கமெல்லாம் இப்ப என்னங்க மாப்ள தர்றாங்க?" என்று கேட்டார். ஹரீஷ் சாம்பாரைப் பார்த்தபடி கூச்சத்தோடு, "மாசம் ஒண்ணே முக்கா லட்சம் வருதுங்க மாமா" என்றான்.

எனக்கு வருவதைப்போல இரண்டு மடங்கு. அடுத்த நிமிஷம் டேபிள் ஃபேன் அவன் பக்கம் திரும்பியது. மாமியார் மாதம்மாள் மல்கோவாவைத் தோல் சீவித் துண்டு போட்டு அவன் இலையில் வைத்தார். என் இலைக்கு வந்தது ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற கிளிமூக்கு மாம்பழம். ஒரு வருஷம் அந்தப் புளிப்பு என் பல்லிலேயே இருந்தது. இப்போது தெரிகிறதா, நான் ஏன் அந்த முடிவுக்கு வந்தேன் என்று?

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் குழப்பம். பக்கத்து வீட்டு குலாம் ரசூல் பாய்க்குப் பாகலூர் ரோட்டில் பேரிங் கடை. விலை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மொட்டை மாடியில் அவரைப் பிடித்தேன்.

"பாய், ஒரு மேனேஜருக்கு என்ன ரேட் சொல்லலாம்?"

"வாங்கறதுக்கா, விக்கறதுக்கா சார்?"

"சும்மா சொல்றதுக்கு." விஷயத்தை விளக்கினேன்.

"அப்படிச் சொல்லுங்க. எடத்தப் பொறுத்துதான் சார். இதே பேரிங் நம்ம கடைல ஒரு ரேட்டு, அத்திப்பள்ளில ஒரு ரேட்டு. உள்ள போவப் போவ ஏறும்."

"நான் ஓசூருலயே நிக்கறேனே பாய்."

"அப்ப அனுபவத்துல ஏத்துங்க. எத்தன வருஷம்?"

"பத்தொம்போது."

"பழசு..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா ஜப்பான் மால், ஒரிஜினல் சரக்கு சார் நீங்க. பழசானாலும் ரேட்டு எறங்காது" என்றார்.

"ரெண்டு லட்சம்னு சொல்லட்டுமா?"

"சொல்றதுன்னு ஆயிடுச்சு, அதுல என்னா கஞ்சத்தனம்? ரெண்டேகால் சொல்லுங்க. பேரம் பேசினா கொறச்சுக்கலாம்."

"மேகலாவுக்குத் தெரியக்கூடாது பாய்."

"என் வாயிலேருந்து வராது சார்."

மனுஷன் வாக்குத் தவறவில்லை. அவர் வாயிலிருந்து வரவேயில்லை. கயிற்றில் காய்ந்த போர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரோஷன் பீயின் வாயிலிருந்துதான் வந்தது. அது எனக்குத் தெரிந்தது பின்னால்தான்.

அந்த வாரம் முழுக்க மேகலா என்னைத் தாங்கினாள். கேட்காமலேயே காபி வந்தது. நீலச் சட்டைக்கு இஸ்திரி விழுந்தது. "மாமனார் வீட்டுக்குப் போறீங்க, கம்பீரமா போவ வேணாமா?" என்றாள். நானும் உருகி நன்றி சொன்னேன்.

அவள் மறுத்துப் பேசிவிடுவாளோ என்ற பயம் எனக்கு இல்லை. வீட்டில் எப்படியோ, அப்பா அம்மா எதிரில் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். திட்டத்தின் அஸ்திவாரமே அதுதான்.

வேப்பனப்பள்ளியில் இலை போட்டாயிற்று. ஃபேன் வழக்கம்போல ஹரீஷ் பக்கம். மாமனார் மழையைப் பற்றிப் பேசினார், மாங்காய் விலையைப் பற்றிப் பேசினார், சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "விலைவாசி ஏறிப்போச்சுங்க மாமா" என்று தூண்டில் போட்டேன். "ஆமாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அப்பளத்தோடு வந்த மேகலாவே கை கொடுத்தாள்.

"ஏம்ப்பா, இவர ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா? இப்பதான் சம்பளம் ஒசந்திருக்குது."

அந்த நிமிஷம் அவளைக் கும்பிடலாம் போலிருந்தது.

"பெரிசா ஒண்ணும் இல்லீங்க மாமா" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரெண்டேகால் லட்சம்."

பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. ஹரீஷ் வாயைப் பிளந்தான். மாமியார் ஃபேனைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். மல்கோவா வந்தது. தோல் சீவி, துண்டு போட்டு, என் இலைக்கு! ஒரு வருஷத்துப் புளிப்பு ஒரே துண்டில் போயிற்று. இரண்டாவது துண்டை வாயில் வைத்தேன்.

"அதான்ப்பா அவரு போர் விசயத்த முடிவு பண்ணிட்டாரு" என்றாள் மேகலா.

"என்னாம்மா முடிவு?"

"செலவுல பாதி அவரோடது. சொல்லாதே, பெருமைக்குப் பண்றாப்பல ஆயிடும்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

மாம்பழம் புரையேறிவிட்டது. இருமினேன்.

"நா... நானா?"

"பாத்தீங்களா, எவ்ளோ கூச்சம்!"

"அப்ப என் பாதியும் ரெடிங்க மாமா" என்றான் ஹரீஷ், மூச்சு விடாமல்.

எனக்கு இரண்டே வழி. ரெண்டேகால் லட்சம் பொய் என்று சகலை எதிரில் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பணத்தை எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 'ஓசூர் சம்பளம்' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து அப்படியே நின்றது. அதை இப்போதுதான் என் கையால் நானே கொன்றிருந்தேன். மேகலாவைப் பார்த்தேன். அவள் ரொம்ப அக்கறையாக எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். எச்சில் கையோடு நின்றார். "அடுத்த வாரம் மரம் வெட்டறதுக்கு ஆள் சொல்லிட்டேன் மாப்ள. யாருகிட்டயும் சொல்லல" என்றார். தோப்பு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வரவேணாம்னு சொல்லிடறேன்."

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிடுங்க மாமா" என்றேன். அதில் பொய் இல்லை.

மரம் வெட்ட ஆள் வரவேண்டிய அடுத்த வாரம் போர் லாரி வந்தது. எல்லோரும் தோப்பில் நின்று குழாய் இறங்குவதைப் பார்த்தார்கள். நான் என் கார் இறங்குவதைப் பார்த்தேன். முதலில் டயர் போயிற்று, அப்புறம் கதவு, அப்புறம் ஸ்டியரிங். வெறும் புழுதியாகவே பறந்தது. மாமனார் தலையில் துண்டோடு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. நானும் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். காருக்காக இல்லை, சத்தியமாக இல்லை.

திடீரென்று சேறு பீச்சியது. பின்னாலேயே தண்ணீர், பனை உயரத்துக்கு. மாமனார் சின்னப் பிள்ளையாட்டம் அதற்குள் ஓடி நின்று நனைந்தார். என்னையும் கையைப் பிடித்து இழுத்தார். நீலச் சட்டை பாழாயிற்று. நான் அழுதேன். நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மேகலாவுக்குத் தெரிந்திருக்கும்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அவள், என் காதோரம்.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். அவள் விட்டிருந்தால் நான் கார் வாங்கியிருப்பேன். அதில் ஏறி வந்து, மரமெல்லாம் வெட்டிக் கல் நட்டுப் பிளாட் போட்ட இடத்தில்தான் ஹாரன் அடித்திருப்பேன். இப்போது நான்கு கட்டைப்பை நிறைய மல்கோவாவோடு பஸ்ஸில் போகப்போகிறேன். அதற்கு ஆயிரம் நன்றி.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது ஹரீஷ் வந்து என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணா, உங்க கம்பெனில எனக்கு ஒரு எடம் பாருங்கண்ணா. ஓசூருலயே ரெண்டேகால் குடுக்கறாங்கன்னா நான் எதுக்குங்க பொம்மசந்திராவுல கெடக்கணும்?"

"உனக்கென்னய்யா, ஒண்ணே முக்கா வாங்கறவன்!"

"அட போங்கண்ணா. எனக்கு வர்றது உங்க பழைய சம்பளத்தவிட ஏதோ கொஞ்சம் ஜாஸ்தி. அதுவும் பெங்களூரு வாடகைக்கே போயிடுது."

"பின்ன ஏன்யா போன வருஷம் அப்படிச் சொன்னே?"

"மேகலாக்காதாண்ணா கூட்டிச் சொல்லுன்னாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். 'அடுத்த சீசன்ல போர் போடறப்ப தெரியும்'னாங்க."