பயனாளி என்ற இடத்தில் என் பெயர்

பெருமதிப்புக்குரிய பெரியத்தைக்கு, உங்கள் தம்பி மகள் பணிவன்புடன் எழுதுவது.

இங்கே நான் நலம். அப்பா நான்காவது மாடியில் நலம். நீங்களும், உங்கள் லாண்டரியும், போன தடவை பேசும்போது புகைந்துகொண்டிருந்த அந்தப் பெரிய மெஷினும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம், போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விஷயம் இதுதான்: நீங்கள் கொடுத்த பழைய லேப்டாப்பில் நான் ஆன்லைனில் படித்துவந்த ‘இலாப நோக்கற்ற நிறுவன மேலாண்மை’ முதுகலைப் படிப்பை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் கடைக் கவுன்டரில் ஆள் தேவை என்றீர்களே, அந்த இடத்தை எனக்கே வைத்திருக்கவும். ஏன் நிறுத்துகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் திட்டவும் செய்வீர்கள். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தில் நாள் முழுக்க காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தெரியாதவர்களைக் கூப்பிட்டு நன்கொடை கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் “ராங் நம்பர்” என்கிறார்கள், அவர்களே கொடுத்த நம்பருக்கு. எங்கள் மேனேஜர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “நல்லா பேசறம்மா, ஆனா இங்க மேல போகணும்னா மாஸ்டர்ஸ் வேணும்” என்றார். அவர் என்ன படித்தார் என்று கேட்டேன். அவர் மேனேஜராகத்தான் சேர்ந்தாராம். சரியென்று பணம் கட்டிச் சேர்ந்தேன். அப்போதே நீங்கள் சொன்னீர்கள், “லாபமே வராம நடத்துறதுக்கு ஒரு படிப்பா? என் கடைக்கு வா, படிக்காமலே அப்படித்தான் ஓடுது” என்று. அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு வரவில்லை.

அடுத்து, அப்பா உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்து மூட்டு உடைந்ததும், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து லிஃப்ட்டில் ஏறி வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே லிஃப்ட் நின்றது. அன்றிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. சமதரையில் ஊன்றுகோலோடு நன்றாகவே நடக்கிறார், படி மட்டும் முடியாது. கட்டட ஓனர் தரைத்தளத்தில் இருக்கிறார், அவருக்கு லிஃப்ட்டும் வேண்டாம் படியும் வேண்டாம். போய்க் கேட்டேன். “பார்ட்ஸ் வரணும்மா.” எங்கிருந்து? “வெளிநாட்டுல இருந்து.” இதை அப்பாவிடம் வந்து சொன்னேன். “நடந்தா வருது?” என்றார்.

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர், அத்தை. இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கெல்லாம் மேலேயிருந்து, “ஒடி! லெஃப்ட்ல ஒடி! யோவ், உன்னோட லெஃப்ட்யா!” என்று வழிகாட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே டீக்கடையில் அவருடைய பழைய கண்டக்டரும் செக்கரும் தினமும் உட்காருகிறார்கள். இவர் இங்கிருந்து கத்திப் பேசுகிறார், அவர்கள் அங்கிருந்து கத்திப் பதில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு விஷயத்தில் தெருவுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

இந்த நிலையில்தான் படிப்பில் களப்பணி வந்தது. ஒவ்வொரு குழுவும் உண்மையான ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் பிரச்சினையை ஆராய்ந்து, தீர்க்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்தது. முதல் கட்டத்திலேயே ‘பயனாளியின் பெயர்’ என்று கேட்டிருந்தது. தினமும் உள்ளே நுழையும்போது ‘பயனர் பெயர்’ என்று கேட்குமே, அதுதான் என்று நினைத்து என் பெயரைப் போட்டேன். முகவரி கேட்டது, போட்டேன். எத்தனையாவது மாடி என்று கேட்டது. ரொம்ப அக்கறையாகக் கேட்கிறார்களே என்று அதையும் போட்டு அனுப்பிவிட்டேன். பயனர் என்றால் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர், பயனாளி என்றால் தர்மம் வாங்குகிறவர் என்ற வித்தியாசம் எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் என் குழுவில் ஒரே கொண்டாட்டம். மற்ற குழுவெல்லாம் ஏழை கிடைக்காமல் அலைந்துகொண்டிருக்கிறதாம், எங்களுக்குக் குழுவுக்குள்ளேயே ஒன்று கிடைத்துவிட்டதாம்.

குழுவில் நாங்கள் மூன்று பேர். ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு வீட்டில் காசு பணத்துக்குக் குறைவில்லை, அதற்குப் பரிகாரமாகப் படிக்கிறார். மற்றவரை மியூட் அண்ணன் என்போம். ஆரம்பத்திலிருந்து மைக்கை அணைத்துவைத்தபடியே உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். சொன்னாலும் அவர் கவனிப்பதில்லை. தவறாக எழுதிவிட்டேன், மாற்றுங்கள் என்று ஆசிரியருக்கு எழுதினேன். “பயனாளி தன்னைத் தானே அடையாளம் காண்பது மிக உயர்ந்த நிலை, வாழ்த்துகள்” என்று பதில் வந்தது. கூடவே ஒரு விதிமுறையும் வந்தது. பயனாளியின் கண்ணியம் காக்க அவர் முகத்தை மங்கலாகக் காட்ட வேண்டும். காட்டினேன். முகம் தெரியவில்லை என்று வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள்.

பிறகு அப்பாவைப் பேட்டி எடுத்தார்கள். லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்தேன். அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஐயா, உங்க வாழ்க்கையில முக்கியமான சவால் என்ன?” என்றார் ஒருங்கிணைப்பாளர் அக்கா.

“லிஃப்ட்.”

“சரிங்கய்யா. அதைத் தாண்டி?”

“அதைத் தாண்டினா மாடிப்படிம்மா. அதான் முடியல.”

“இல்லைங்கய்யா, ஒரு மனுஷனா உள்ளுக்குள்ள என்ன உணர்றீங்க?”

“கோபம்.”

“யார் மேல?”

“கீழ இருக்கிறவன் மேல.”

அக்கா இதையெல்லாம் குறித்துக்கொண்டார். மியூட் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பி, “இந்தத் தம்பிக்கு என்ன கஷ்டம் பாப்பா, தொண்டையில ஏதாவதா? நாம எதாவது உதவ முடியுமா?” என்றார்.

அடுத்த வாரம் ‘பிரச்சினை மரம்’ வரைந்தார்கள். ஒரு மரத்தை வரைந்து, வேரில் காரணத்தையும் இலையில் விளைவையும் எழுதுவது. லிஃப்ட்டை இலையில் எழுதினார்கள். வேரில் ‘பங்கேற்பின்மை’ என்று எழுதினார்கள். இலையைத் தொடக் கூடாதாம், வேரில்தான் வேலை செய்ய வேண்டுமாம். எனக்குப் பொறுக்கவில்லை.

“லிஃப்ட்டை சரிபண்ணச் சொல்லி ஓனர்கிட்ட எல்லாரும் சேர்ந்து பேசினா போதுமே அக்கா.”

“நீ இப்ப மாணவியா பேசறியா, பயனாளியா பேசறியா?”

“மாணவியாத்தான்.”

“மாணவி பயனாளிக்காக முடிவெடுக்கக் கூடாதும்மா. அது ஆதிக்கம்.”

“அப்ப பயனாளியா பேசறேன். எனக்கு லிஃப்ட் வேணும்.”

“தனக்கு என்ன தேவைன்னு பயனாளிக்கே தெரியாம இருக்கலாம். ரெண்டாவது பாடம். படிச்சியா, இல்லையா?”

படித்திருந்தேன், அத்தை. நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். என்னைப்போல் இருக்கிற ஆட்களைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. அறிவு கொடுக்கலாம், ஆறுதல் கொடுக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம், கேட்டதை மட்டும் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் கெட்டுப்போவார்கள் என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். இதை அழகான வார்த்தைகளில் முப்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் அப்பாவுக்கு ‘உயரத்திலிருந்து உயர்வு’ என்று ஒரு ஆன்லைன் பயிற்சி நடத்தினார்கள். மூச்சை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, மனத்தால் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். அப்பா பாதியில் தூங்கிவிட்டார். அதை ‘ஆழ்ந்த ஈடுபாடு’ என்று பதிவு செய்தார்கள். பயிற்சியை முடித்ததற்கு ஒரு சான்றிதழும் ஒரு டீசர்ட்டும் கூரியரில் வந்தன. லிஃப்ட் இல்லாததால் கூரியர்காரர் மேலே வரமாட்டேன் என்று ஓனர் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டீசர்ட் ஓனருக்குச் சரியாக இருக்கிறது. ‘நான் உயர்கிறேன்’ என்று மார்பில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

கடைசி வேலையாக, பயனாளியின் ஒத்துழைப்புக்குக் குழு ஒருமனதாக மார்க் போட வேண்டும். எனக்கு ‘மிகக் குறைவு’ என்று போட்டார்கள். ஒருமனதாக இருந்தால்தான் குழுவுக்கு மார்க் என்பதால் நானும் ஓட்டுப்போட்டேன். அன்றைக்கு லேப்டாப்பை மூடியவள் திறக்கவில்லை.

ஆகவே அத்தை, படிப்பும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம். உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் தரைத்தள அறைக்கு அப்பாவோடு வந்துவிடுகிறேன். அழுக்குத்துணி கொண்டுவருகிறவர் துவைத்துத் தாருங்கள் என்றுதான் கேட்பார், நாமும் துவைத்துத்தான் கொடுப்போம். நேர்மையான தொழில். ஒரே சிக்கல், அப்பாவை இறக்குவது. பழைய கண்டக்டரும் செக்கரும் நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம் என்றார்கள். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நான் கெஞ்சியபோது, “என்னை நாலு பேர் தூக்கிட்டு இறங்கற நாள் ஒண்ணு தானா வரும் பாப்பா. அதுவரைக்கும் நானே இறங்குவேன், இல்லேன்னா இங்கயே இருப்பேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அக்கா, உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். ஒரு தடவை போனில் அதட்டுங்கள். அவர் சம்மதித்த மறுநாளே கிளம்பிவிடுகிறோம்.

உங்கள் கை ஓய்வில்லாமல் தேய்த்துக்கொண்டும், உங்கள் கடையில் கூட்டம் குறையாமலும், மெஷின் புகையாமலும் இருக்க வேண்டி, உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

தம்பி மகள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், தபாலில் சேர்க்கவில்லை. அதற்குள் இங்கே கொஞ்சம் மாறிவிட்டது. எங்கள் களப்பணியைப் பார்வையிட ஆசிரியரும், பல்கலைக்கழகத்துக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவரும் நேரிலேயே வருவதாகத் தகவல் வந்தது. தலைவருக்கு மூட்டு வலியாம், கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று அவர்கள் அலுவலகத்திலிருந்து ஓனருக்கு போன் செய்து கேட்டிருக்கிறார்கள். “எப்பவும் ஓடும் சார்” என்றிருக்கிறார். வெளிநாட்டுப் பார்ட்ஸ் அன்று சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. ஓனர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்ததாக மெக்கானிக் சொன்னார். எங்கள் வீட்டு மூட்டுக்கு எழும்பாத லிஃப்ட் தலைவர் வீட்டு மூட்டுக்கு எழுந்துவிட்டது.

லிஃப்ட் சத்தம் கேட்டதும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மறுநாள் விருந்தினர்கள் மேலே வந்தபோதும் வீட்டில் இல்லை. ஆசிரியருக்குக் கால்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். “அப்பா எங்கம்மா?” என்றார். கீழே போயிருக்கிறார் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘பயிற்சிக்குப் பின் தந்தை தாமாகவே கீழே இறங்கினார்’ என்று எழுதிக்கொண்டு, எங்கள் குழுவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். லிஃப்ட் என்று நான் வாயைத் திறந்தேன். “தன்னடக்கம்” என்றார் தலைவர்.

அவர்கள் வண்டி திரும்பியதுமே ஓனர் என்னிடம் வந்தார். “அவ்வளவுதானேம்மா? இனி வரமாட்டாங்கல்ல? கரண்ட் பில் எகிறுது.” மெக்கானிக்கையும் போகவிடாமல் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, “வருவாங்க சார். சொல்லாமக் கொள்ளாம வருவாங்க. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் கண்காணிப்பு உண்டு” என்றேன். “எப்பம்மா முடிப்ப?” என்றார். “இதை முடிச்சா டாக்டரேட் இருக்கு சார்” என்றேன். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகவே அத்தை, கவுன்டருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கு ஒரு புது பேட்டரி மட்டும் கிடைத்தால் நல்லது, நீண்ட நாள் ஓட வேண்டியிருக்கும். அப்பாவும் இரண்டு வரி எழுதுவதாகச் சொன்னார். காலையிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. கீழே இருக்கிறார்.