ஓட்டை வாளிக்கு ரெண்டாயிரம் லைக்

தி. நகரில் ஒரு கல்யாண மண்டபம். மேளம் இல்லை, மாப்பிள்ளை இல்லை, ஆனால் கூட்டம் மட்டும் தெருமுனை வரைக்கும் நின்றது. ஊறுகாய் விற்பவர், ஊதுபத்தி விற்பவர், வீணை சொல்லிக் கொடுப்பவர், ஒரு பல் டாக்டர். டாக்டர் படித்தவர், ஆகவே அவருக்கு முன்வரிசை. எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டார்கள். மூளையைக் கழற்றி வைக்கத் தனியாக இடம் ஒதுக்கவில்லை. தேவைப்படவும் இல்லை, பலரும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

மேடையில் வீற்றிருந்தவர் அல்காரிதச் சித்தர் ஸ்ரீரங்கன். இடுப்பில் காவி, காதில் ப்ளூடூத். கிரகங்கள் ஒன்பது என்பது பழைய கணக்காம். பத்தாவது கிரகம் ஒன்று உண்டு, அதன் பெயர் அல்காரிதம். அது கோபமாக இருந்தால் நீங்கள் ஆன்லைனில் போடும் விளம்பரம் ஈ காக்கை கண்ணில்கூடப் படாது. அது குளிர்ந்தால் ஊரே பார்க்கும், அதற்குப் பெயர் 'ரீச்'. குளிர வைக்கும் மந்திரம் உலகத்திலேயே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாரென்று சொல்லவும் வேண்டுமா?

வழிமுறை சுலபம். வாசலில் இருக்கும் சிஷ்யர்களிடம் உங்கள் விளம்பரத்தின் லிங்க்கைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மேடையேறி, போனைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். சித்தர் அதற்கு எலுமிச்சம்பழம் சுற்றி "ஓம் ரீச்சாய நமஹ" என்பார். பின்னால் பெரிய திரையில் லைக் எண்ணிக்கை ஏறும். நூறு, ஐந்நூறு, ஆயிரம்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மதபேதம் கிடையாது. சிலுவை போட்டவருக்கு மெழுகுவத்தி, தொப்பி போட்டவருக்கு அத்தர். காணிக்கை எல்லோருக்கும் ஒரே ரேட்டு.

அந்தக் கூட்டத்தில் ஏஞ்சலும் இருந்தாள். சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கிளறி, பாட்டிலில் அடைத்து, ஆன்லைனில் விற்பவள். தொக்கு அருமையாக இருக்கும். ஆனால் அருமை என்று வாங்கியவருக்குத்தானே தெரியும்? விளம்பரத்துக்குப் போட்ட காசு திரும்பி வரவில்லை. போன மாதம் சித்தரிடம் வந்தாள். எலுமிச்சம்பழம் சுற்றியது, லைக் ஆயிரம் ஏறியது, ஏஞ்சலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஆர்டருக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள், அவ்வளவுதான்.

இன்று அதைக் கேட்டதற்குச் சித்தர் சிரித்தார். "மகளே, லைக் என்பது பூ. ஆர்டர் என்பது காய். காய்க்க வேண்டுமென்றால் அடுத்த மாதம் மகா ரீச் யாகத்தில் உட்கார வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமை பிரம்ம முகூர்த்தத்தில் மட்டும் விளம்பரம் விடு."

யாகக் கட்டணத்தைக் கேட்டதும் ஏஞ்சலுக்குத் தலை சுற்றியது. அவ்வளவு பெரிய தொகைக்கு விற்கக்கூடிய பொருள் அவள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புருஷன் செபஸ்தியானின் படகு மோட்டார்.

"மோட்டார வித்துட்டு நான் இன்னா, கடலுக்கு நீஞ்சிக்கினு போறதா?" என்று எகிறினான் செபஸ்தியான்.

"ஒரு மாசந்தான்யா. யாகம் முடிஞ்சா ரெண்டு மோட்டாரா வாங்கலாம். சாமி சொல்லிக்கீறாரு."

"அப்ப அந்தச் சாமிய வந்து படகத் தள்ளச் சொல்லு!"

மீன் வாங்க வந்த ஃபிர்தௌஸ் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மயிலாப்பூரில் சின்னக் கடை வைத்து பர்தா தைப்பவள், ஆன்லைனிலும் விற்பவள். வாய் கொஞ்சம் அதிகம். அதைவிட வியாபாரம் அதிகம்.

"ஏஞ்சலு, மீன் வாங்கச்சொல்ல நீ மொதல்ல இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன்? செவுளத் தூக்கிப் பாப்பேன். செவப்பா இருந்தா வாங்குவேன்."

"விக்கிறவன் பட்டு வேட்டி கட்டிக்கினு வந்தா?"

"ராஜாவே வந்தாலும் தூக்கித்தான் பாப்பேன்."

"உன் சித்தருக்குத் தூக்குனியா?"

செபஸ்தியான் சத்தமாகச் சிரித்தான்.

ஃபிர்தௌஸ் உள்ளே வந்து உட்கார்ந்தாள். "நான் எந்த வெளம்பரத்தையும் ரெண்டா போடுவேன். போட்டோ அதே, எழுத்து அதே, காசும் அதே. ஏதாச்சும் ஒண்ண மட்டும் மாத்துவேன். எது ஆர்டர் கொண்டாருதோ அத்த வெச்சிக்குவேன், இன்னொண்ணத் தூக்கிப் போட்டுடுவேன். எலுமிச்சம்பழத்துல ரசம் வெச்சிடுவேன். நீயும் போட்டுப் பாரு. ஒண்ணு உன் சாமி சொன்ன வெள்ளிக்கிழம விடிகாலைல. இன்னொண்ணு சனிக்கிழம காலைல, ராகு காலத்துல."

"ஐயோ, ராகு காலமா? அதுவும் சனிக்கிழமையா?" ஏஞ்சல் சிலுவை போட்டுக்கொண்டாள். ஞானஸ்நானம் வாங்கியவளுக்கு ராகுவிடம் என்ன பயம் என்று கேட்கக் கூடாது. சென்னையில் ராகு எல்லா மதத்துக்கும் பொது.

ஆனாலும் போட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வந்தது ஒரே ஒரு செய்திதான். மாட வீதி மாமி ஒருத்தி அனுப்பியிருந்தாள்: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கார்த்தால கண்ண முழிச்சா கருவாடா? நன்னாருக்கு!" சனிக்கிழமை ராகு காலத்தில் விட்ட விளம்பரத்துக்குப் போன் ஓயவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்ளலாம் என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு தடவை நடந்ததை நம்பாதே என்றாள் ஃபிர்தௌஸ். அடுத்த வாரமும் போட்டார்கள். அதே கதைதான்.

ஏஞ்சல் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பாதி ஊர் கவிச்சியே தொடாது என்பது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து மீன் விற்கிற குடும்பம். வெள்ளிக்கிழமை என்றால் கூடையில் பாதி மீன்தான் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போவாள். தெருவில் தெரிந்தது போனைக் கையில் எடுத்ததும் மறந்துபோயிருந்தது. கோபம் அவளுக்கு முதலில் தன்மேலேதான் வந்தது. சித்தர் மேல் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் நன்றாக வந்தது.

"சரி, ஆயிரம் லைக் வந்துச்சே, அது எப்டிடி?" என்றாள்.

"அதுக்கும் செவுளத் தூக்கிப் பாத்துடலாம்" என்ற ஃபிர்தௌஸ் சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில், மீன் கழுவி மீன் கழுவி அடி பெயர்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் வாளி கிடந்தது.

மகா ரீச் யாக நாளும் வந்தது. ஏஞ்சல் மோட்டாரை விற்கவில்லை. கையில் ஒரு பையோடு வந்தாள், கூடவே ஃபிர்தௌஸும் வந்தாள். யாகத்துக்கு முன்னால் எல்லோருக்கும் வழக்கமான ஆசீர்வாதம் உண்டு, அதற்குப் பழைய காணிக்கைதான். வாசலில் லிங்க்கைக் கொடுத்தாள். சிஷ்யர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அப்படியே யாருக்கோ அனுப்பினார்கள். மேடையில் எலுமிச்சம்பழம் சுற்றியது. திரையில் எண்ணிக்கை ஏறியது. இம்முறை ரெண்டாயிரம்! மண்டபம் அதிர்ந்தது. பல் டாக்டர் எழுந்து நின்றே கும்பிட்டார்.

"பார்த்தாயா மகளே! கிரகம் குளிர்ந்துவிட்டது" என்றார் சித்தர்.

"சாமி, நம்பர மட்டும் காட்டுறீங்களே. என் வெளம்பரத்தயும் எல்லாரும் பாக்கட்டும்."

புகழுக்கு யார் மறுப்பு சொல்வார்கள்? சித்தர் பெருமையாகக் கை அசைத்தார். திரையில் படம் வந்தது. அடியில்லாத நீல நிற வாளி. கீழே கொட்டை எழுத்தில்: "ஓட்டை வாளி விற்பனைக்கு. தண்ணீர் நிற்காது. தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்."

"அடியில இன்னா எழுதிக்கிறாங்கோ பாருங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஃபிர்தௌஸ். அங்கே வரிசையாக வாடிக்கையாளர்களின் பாராட்டு மழை: "ருசி பிரமாதம் சிஸ்டர்!" "குழந்தைகள் விரும்பிச் சாப்பிட்டார்கள்." "இரண்டாவது முறை வாங்குகிறேன், காரம் அளவாக உள்ளது."

வீணை டீச்சர் நீரஜா அவசரமாகத் தன் போனை எடுத்துப் பார்த்தார். இதுவரை லைக்கை எண்ணியிருந்தாரே தவிர, கீழே எழுதியிருந்ததை ஒருநாளும் படித்ததில்லை. "என் வீணை கிளாஸுக்கும் காரம் அளவா இருக்காமே!" என்று அலறினார். பல் டாக்டரும் பார்த்தார். அவர் பிடுங்கிய பற்களைக் குழந்தைகள் விரும்பிச் சாப்பிட்டிருந்தார்கள்.

"அல்காரிதம் ஓட்டையையும் ஆசீர்வதிக்கும்..." என்று ஆரம்பித்தார் சித்தர்.

"ஆசீர்வாதம் இல்ல சாமி. மொத்த வெலைக்கு வாங்குன லைக்கு. ஒத்த ஆளு வாளிய வாங்குனானா கேளுங்க" என்றாள் ஏஞ்சல்.

"இன்னாமே, பேஜார் பண்றியா? யாரு கைல வெச்சிக்கிற?" தேவபாஷை போன இடம் தெரியவில்லை. ப்ளூடூத் ஒரு காதிலிருந்து விழுந்தது. கூட்டம் காணிக்கையைத் திருப்பிக் கேட்டு மேடையேறியதும், உலகத்துக்கே ரீச் கொடுத்தவர் பின்வாசலை ரீச் பண்ணப் படாதபாடு பட்டார். அங்கேயே நான்கு பேர் மடக்கிப் பிடித்தார்கள், யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? ஏஞ்சல் படியிறங்கும்போது அந்த ஊதுபத்திக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார். முகத்தில் பக்தி வழிந்தது.

"யம்மா, ஒரு நிமிஷம். அந்தச் சித்தன் டுபாக்கூரா இருக்கட்டும். ஆனா ரெண்டாயிரம் லைக் வாங்குன வாளியாச்சே! ராசியான வாளிம்மா அது. இன்னா வெலன்னாலும் சொல்லு, எனக்குக் குடுத்துடு."

ஏஞ்சல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நினைத்திருந்தால் நாளைக்கே அதே மண்டபத்தில் வாளிச் சாமி ஆகியிருப்பாள், புருஷனுக்கு ரெண்டு மோட்டாரும் வாங்கிக் கொடுத்திருப்பாள். அவளோ பையிலிருந்து வாளியை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"காசு வாணாம் நைனா, சும்மாவே எடுத்துக்கோ. வூட்டுக்குப் போனதும் குழாயாண்ட வெச்சி இதுல தண்ணி புடி. தண்ணி நிக்கிதான்னு நீயே குனிஞ்சி பாரு. நின்னுச்சின்னா சொல்லு, நானே வந்து உனக்குச் சூடம் காட்டுறேன்."