உம்முடைய தாரும் நபீஸாவின் செருப்பும்

ஜமாலியா,
திருகோணமலை.
14.08.1968

அன்பின் மச்சான் ஸைனுலாப்தீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு எல்லோரும் சுகம். குச்சவெளியில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன். சுகம் விசாரித்து முடிந்தது. இனி உம்முடைய தாருக்கு வருகிறேன்.

மகள் ஸுல்பிகாவுக்குச் சீதனமாகக் கொடுக்கும் இந்த வீட்டில் படலையிலிருந்து வாசல் வரை வெறும் மணல். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர். முதல் நாள் வந்தபோதே கார் புதைந்து, ஆறு பேர் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். பாதைக்குக் கொங்கிரீட் போடுவோம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நீர் கேட்டீரா? "கொங்கிரீட் வெடிச்சுப் போகும் மச்சான், இருவது வருசமா றோட்டு வேலை செய்யிறன், எனக்குத் தெரியாதா?" என்று தாரை ஊற்றிவிட்டு, கோழிக்கறியும் தின்றுவிட்டு பஸ் ஏறினீர். போன ஞாயிறு நடுப்பகலில் மாப்பிள்ளையின் தாய் நபீஸா கிண்ணியாவிலிருந்து வீடு பார்க்க வந்தா. உம்முடைய தார் அப்பம் சுடும் மா மாதிரி இளகிக் கிடந்தது. மூன்றாவது எட்டில் அவவின் வலது செருப்பு ஒட்டிக்கொண்டது. நான் இழுத்தேன், உமது தங்கச்சி, என் பெண்சாதி ரபீக்கா இழுத்தா, வார் அறுந்ததுதான் மிச்சம். மண்ணெண்ணெய் ஊற்றியும் அசையவில்லை. அந்த மனுசி "பரவாயில்ல" என்று ஒரே சொல் சொல்லி, தேத்தண்ணியும் குடியாமல், ஒற்றைச் செருப்போடு போனா. மூன்று நாளாக ஒரு செய்தியும் இல்லை.

என் பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள். அதைப் பார்த்து வந்த ஆத்திரத்தில் நேற்று மேசனைக் கூப்பிட்டு, உம்முடைய தாரையும் அந்தச் செருப்பையும் சேர்த்து மூடிக் கொங்கிரீட் கொட்டிவிட்டேன். நன்றாக இறுகிவிட்டது. கலியாணம் குழம்பினால் நீரே பொறுப்பு. கிண்ணியாவுக்குப் போய் மன்னிப்புக் கேளும். அதுவரை என் படலையைத் திறக்க வேண்டாம். தார் என்ற பேச்சையே என்னிடம் எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் சலாம். உமக்கும் சலாம், கடமை என்பதால் மட்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத மச்சான்,
மு. அபூதாஹிர்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் கலியாணத் தரகர் ஹிஸ்புல்லா வந்தார். நபீஸாவுக்குக் காய்ச்சலாம், அதனால்தான் செய்தி அனுப்பவில்லையாம். "மகன்ட கார் வாசல் வரைக்கும் வரும், எனக்கு வீடு புடிச்சிட்டு" என்றாவாம். வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வருகிறாவாம். அந்தச் செருப்பை மட்டும் தாரிலிருந்து கழற்றி வைக்கட்டாம். மௌத்தாகிப்போன புருசன் மக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். மேலே எழுதிய எதையும் மனதில் வைக்காமல் கிழித்துப் போடும். தபாலை நம்ப ஏலாது, பஸ் கொண்டக்டரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கொங்கிரீட்டை உடைக்க அலவாங்கோடு அடுத்த பஸ்ஸில் வாரும் மச்சான். தார் மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுவாரும்.