ஐந்தாவது கிளாம்பு

பூமியே இரண்டாகப் பிளந்து, அதை ஒரு லாரியில் ஏற்றி நாமக்கல்லில் கொண்டுவந்து இறக்கினாலும் கிளாம்பு அண்ணன் பதறியிருக்க மாட்டார். "உதிர்ந்த சிராயெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். பிறகு நாலு கிளாம்பு போட்டு இறுக்கி, பசிபிக் பெருங்கடலின் மேல் சாக்பீஸால் 'சனிக்கிழமை 4 மணி வரை தொடாதீர்' என்று எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அவர் மரவேலைக்காரர். ஒட்டிய இரண்டு மரத்துண்டுகளை விலகாமல் கவ்விப் பிடிக்கிற இரும்புச் சாமானுக்குக் கிளாம்பு என்று பெயர். அது அவரிடம் நாற்பதுக்கு மேல் இருந்தது. சொந்தப் பெயர் என்னவென்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. ஆணியில் மாட்டியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட 'திரு. கிளாம்பு அவர்கள், குடும்பத்துடன்' என்றுதான் எழுதியிருந்தது.

மாட்டிய கிளாம்பை நேரத்துக்கு முன்னால் கழற்ற மாட்டார். அவரிடம் இருந்த ஒரே கிறுக்கு அதுதான். லாரி முதலாளிகள் வந்து கத்துவார்கள்.

"ஏனுங்க, கழட்டி உடுங்க. அங்க லோடு நிக்குது!"

"லோடு நிக்கட்டுங்க. ஒட்டு நிக்கோணும்."

இன்னும் கத்தினால், சாக்பீஸை எடுத்து ஏற்கெனவே எழுதிய நேரத்தை அழித்து ஒரு மணி நேரம் கூட்டி எழுதுவார். அதனால் பழைய வாடிக்கையாளர்கள் பட்டறைக்குள் மெதுவாகத்தான் பேசுவார்கள்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கூட்டாக லாரி வாங்கிய இரண்டு பேர், சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். வண்டியைப் பார்க்கத் தனித்தனியாக ஒரே நாளில் வந்துவிட்டார்கள். கிளாம்பு அண்ணன் அப்போதுதான் ஒரு நீளப் பலகையை ஒட்டியிருந்தார். "கிளாம்பு தீந்து போச்சுங்க. ஆளுக்கொரு முனையில உக்காருங்க. அசைஞ்சா உங்க வண்டிதான் போகும்" என்றாராம். முதல் ஒரு மணி நேரம் ஒருவர் கிழக்கே பார்த்தார், இன்னொருவர் மேற்கே பார்த்தார். இரண்டாவது மணி நேரத்தில் ஒருவர், "பையனுக்குக் காய்ச்சல்னாங்களே, தேவலையா?" என்றார். சாயங்காலம் இருவரும் ஒரே பைக்கில் போனார்கள். அன்றைக்குச் சுவரில் பன்னிரண்டு கிளாம்பு சும்மா தொங்கியதாகவும் சொல்வார்கள். நான் அதை நம்பவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மாவு காய வைத்தேன், ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டேன், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கினேன். எந்த இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. ஏதாவது உடையும். உடைந்தால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவேன். ரிக்கில் ஒரு தடவை பெரிய ஸ்பேனர் ஒன்றைக் குழிக்குள் தவறவிட்டேன். அது நானூறு அடி போய்ச் சேர்வதற்குள் நான் பஸ்ஸில் இருந்தேன்.

கடைசியாகச் சேலத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். வேனில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அங்கே கிட்டார் வாசித்தவள் பானு. பகலில் செவ்வாய்ப்பேட்டை ஜவுளி மொத்தக்கடையில் பில் போடுவாள், கூப்பிட்ட நாளில் கிட்டாரோடு வருவாள். மேடையில் எல்லோரும் ஜனங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் மட்டும் தன் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஒரே ஆள். மற்றவர்களுக்கு நான் 'ஏப்பா'.

ஒரு திங்கட்கிழமை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் காதுகுத்து விருந்து. கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு ஒயரை இழுத்தேன். கிட்டார் மல்லாந்து விழுந்தது. தந்திகளை முறுக்கும் ஆணிகள் இருக்கிற தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் முறிந்து, ஆறு தந்திகளில் தொங்கியது. பார்க்க, கழுத்தைத் திருகிய கோழி மாதிரி இருந்தது. கோழிப்பண்ணையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

யாரும் பார்ப்பதற்குள் பெட்டிக்கடைக்கு ஓடி, ஒரே சொட்டில் ஒட்டும் பசை ஒன்றை வாங்கி வந்து பூசினேன். பானு வந்தபோது கிட்டாரும் என் கட்டைவிரலும் ஒன்றாக இருந்தன.

"அண்ணா, கையை எடுங்க."

"வரலைம்மா."

பானு திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, சிதறியிருந்த சிராய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்தாள். அவள் திட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

குழு முதலாளி வந்து பார்த்தார். "போனாப் போகுது உடு. கிட்டார் சத்தமெல்லாம் கீபோர்டுலயே வருது. ஞாயித்துக்கிழமை மேட்டூர் ரிசப்ஷனுக்கு நாங்க பாத்துக்கறோம். அப்புறம் சொல்றேன் பானு" என்றார். எங்கள் குழுவில் 'அப்புறம் சொல்றேன்' என்று சொல்லப்பட்ட யாருக்கும் எதுவும் சொல்லப்பட்டதில்லை. தபேலாக்காரர் அப்படித்தான் போனார்.

"கிட்டாரோட வந்தா?" என்று பானு கேட்டாள்.

"வந்தா வாசி. யாரு வேண்டாங்கறா?"

கோயம்புத்தூர்க் கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வேன் டிரைவர்தான், "மரந்தானே? நாமக்கல்லுல கிளாம்புகிட்டக் கொண்டு போங்க" என்றார். பானுவுக்குக் கடையில் லீவு இல்லை. நான் கொண்டு போகிறேன் என்றேன். கிட்டாரைக் கொடுக்கும்போது அவள் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். நாலு நாள் வேலைக்குப் போகிறவன் போர்வை வரை எதற்குச் சுருட்டிக்கொண்டு போகிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறையில் கிளாம்பு அண்ணன் கிட்டார் உறையைத் திறந்தார். காகிதத்தைப் பிரித்து, சிராய்களை மேசையில் வரிசையாக அடுக்கினார்.

"யாருங்க பொறுக்குனது?"

"பானுங்க. வாசிக்கறவங்க."

"பசை வெச்சது?"

பசை இன்னும் காய்ந்து ஒட்டியிருந்த கட்டைவிரலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டையும் சுரண்டோணும்" என்றார்.

அன்றைக்கு முழுக்க அந்தப் பசையைச் சுரண்டினார். பழைய பசை இருந்தால் புதுப் பசை மரத்தைப் பிடிக்காதாம். சாயங்காலம் பானுவுக்குப் போன் போடச் சொன்னார்.

"ஏனுங்க அம்மிணி, இது எத்தனை லோடு தாங்கோணும்?"

"லோடா? பாட்டுதாங்க வாசிக்கணும்."

"பாட்டு கெடக்கட்டுங்க. தந்தி ஆறும் சேந்து எத்தனை கிலோ இழுக்கும்?"

பானுவுக்குத் தெரியவில்லை. கிளாம்பு அண்ணன் விடவில்லை. உறையில் இருந்த புதுத் தந்தி ஒன்றை, கிட்டாரில் இருந்த அதே நீளத்துக்குப் பலகையின் மேல் இழுத்துக் கட்டி, முனையில் பக்கெட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு போல்ட்டாகப் போட்டார். போடப் போட தந்தியை விரலால் தட்டி, செல்போனை அதன் பக்கத்தில் பிடித்தார். செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக் கடைக்குள் நின்றுகொண்டு பானு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ஆங், இதுதாங்க சத்தம்!" என்று கத்தினாள். பக்கெட்டை எடை போட்டு, ஆறால் பெருக்கி, பென்சிலைக் காதில் செருகினார்.

"ஒரு சிமெண்ட் மூட்டை. அது பர்மிட். நம்மூர்ல பர்மிட் லோடோட எவன் ஓட்டறான்?"

உடனே பழக்க தோஷத்தில் ஓர் இரும்புப் பட்டையையும் நாலு போல்ட்டையும் டிரில்லிங் மிஷினையும் எடுத்துவிட்டார். லாரிக்கு அப்படித்தான் செய்வார்கள். கிட்டாரின் மேல் நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். இரும்பு போட்டால் கழுத்தின் கனம் மாறிவிடும் என்று போனில் பானு அழுகிற குரலில் சொன்னாள். அண்ணன் மிஷினைக் கீழே வைத்தார். "அப்ப ஒட்டு மட்டுந்தான் காப்பாத்தோணும்" என்றார். அதுவரை அவர் முகத்தில் பயம் இருந்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை ஒட்டினார். கோழிக்குத் தடுப்பூசி போடும் சிரிஞ்சில் பசையை ஏற்றி, முறிவின் அடி ஆழம் வரை செலுத்தினார். சிராய்களை அதனதன் இடத்தில் இடுக்கியால் வைத்தார். தலைப்பகுதி சரிவாக இருப்பதால் கிளாம்பு வழுக்கும். அதற்காக அதே சரிவில் இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கி வைத்தார். மேலே லாரி டியூபைக் கீற்றாக வெட்டிச் சுற்றி, நாலு கிளாம்பு மாட்டினார். நாலு சுற்று இறுக்குவார், நின்று பசை கசிகிறதா என்று பார்ப்பார், அரைச் சுற்று இறுக்குவார்.

என் வேலை முடிந்தது என்று தோன்றியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வாரேனுங்க" என்றேன்.

"டீக்குப் பை எதுக்குங்க?"

"பழக்கமுங்க."

பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "ஏழெட்டுக் கிலோ வரும். கழுத்துக்குப் பின்னால ஒரு பாரம் வேணும்னு பாத்துட்டே இருந்தேன். அளவாப் போச்சு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பையின் கைப்பிடியை மேசையோடு வைத்து ஐந்தாவது கிளாம்பை இறுக்கிவிட்டார். பையில் ஒரு கயிற்றைக் கட்டி மேசைக்குப் பின்னால் கொண்டு போனார். மேலே சாக்பீஸால் எழுதினார்: 'சனி 4 மணி.'

என் துணி, போர்வை, ஆதார் அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன.

ஒரே சட்டையில் மூன்று நாள் இருந்தேன். சும்மா இருக்க முடியாமல் பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்த்தேன். அண்ணன் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தார். இரண்டு முறை பையின் பக்கம் கை போனது. பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே குரல் வந்தது: "சாமி, பை அசைஞ்சா கழுத்து அசையும்."

கை தானாக நின்றுவிடும். ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மேட்டூரில் கீபோர்டுதான் வாசிக்கும். வெள்ளிக்கிழமை ஒரு நாய் வந்து பையை மோந்தபோது உளியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். எத்தனையோ முதலாளிகளின் பொருளைக் காவல் காக்காமல் ஓடியவன், கடைசியில் என் பைக்கே காவல்காரன் ஆனேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. அந்த இரண்டு நிமிஷமும் காத்திருந்தார். பிறகு நாலு கிளாம்பையும் கழற்றினார். முறிவு இருந்த இடத்தில் தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு மட்டும் தெரிந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அவர் கிட்டாரை மேசையோடு கட்டி, தலையில் பக்கெட்டைத் தொங்கவிட்டு மறுபடியும் போல்ட் போட ஆரம்பித்தார்.

"அண்ணா, போதுமுங்க!"

"ஓவர்லோடு பாக்காம ஒரு வண்டியும் இங்கிருந்து போனதில்லீங்க."

பக்கெட் நிறைந்தது. அப்போது ஒரு காக்கா வந்து பக்கெட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. விரட்டப் போனேன். "இருக்கட்டும் சாமி, அதையும் சேத்துக்கலாம்" என்றார். காக்காவோடு சேர்த்து ஐந்து நிமிஷம். ஒட்டு நின்றது.

கடைசியாக ஐந்தாவது கிளாம்பைக் கழற்றினார். பையை எடுத்துக்கொண்டு, பாரத்துக்குக் கட்டிய கயிற்றை அவிழ்க்க மேசைக்குப் பின்னால் குனிந்தேன். கயிறு மேசைக்காலில் கட்டியிருந்தது. கிட்டாரின் பக்கமே போகவில்லை. அப்போதுதான் பட்டறையைச் சுற்றிப் பார்த்தேன். பாரத்துக்கு ஆகக்கூடிய லாரி ஸ்பிரிங்கும் இரும்புச் சட்டமும் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன.

"ஏனுங்கண்ணா, இந்தக் கயிறு கிட்டாரைத் தொடவே இல்லீங்களே?"

"ஆமாங்க. தொடாது" என்றார். "டீ சாப்புடறீங்களா?"

புது லாரி பட்டறையை விட்டுக் கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். கிட்டாருக்கு டயர் இல்லை. இரண்டு பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என் முன்னால் உட்கார்ந்து, என் இரண்டு செருப்புக்கு அடியிலும் ஒவ்வொன்று வைத்தார். "போங்க சாமி. நேராப் போங்க."

நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் காலியாக நின்றது. ஒரு தோளில் பை, ஒரு தோளில் கிட்டார். செருப்பு எலுமிச்சை வாசம் அடித்தது. சேலம் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை.

மேட்டூரில் பானு தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கியபோது நான் மேடைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆறாவது தந்தி ஏறிய பிறகும் ஒன்றும் உடையவில்லை. முதல் பாட்டிலேயே முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து ஆடினார். கீபோர்டுக்காரர் வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முதலாளி என்னிடம், "எங்கேப்பா ரிப்பேர் பண்ணினே?" என்றார். பானு அந்தப் பக்கம் திரும்பி, தன் விரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். எனக்கே நம்ப முடியவில்லை. இடையில் ஸ்பீக்கர் ஒன்று உடைந்தது, வேனின் கண்ணாடி ஒன்று போனது, இரண்டும் என்னால்தான். முதலாளி கத்துகிற அன்றைக்கெல்லாம் பையைத் தூக்கத்தான் செய்கிறேன். கைப்பிடியில் அந்த ஐந்தாவது கிளாம்பு கடித்த இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. விரல் நேராக அங்கே போய் உட்காருகிறது. பையைக் கீழே வைத்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்.