ஏழாம் நம்பர் கிணறும் பெங்குயின் ஸ்டிக்கரும்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. நம்பாமலே இருபது பேருக்காவது சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள், கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அதிகாரிகளின் முட்டாள்தனத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. புனேயை அடுத்த பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறவன் நான். அந்த வகைச் செய்தி எதுவானாலும் சாட்சி கேட்காமல் நம்பிவிடுவேன். என் சந்தேகம் வேறு இடத்தில். அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கே கடைசியில்தான் தைரியம் வந்தது.

கதையைச் சொன்னவர் கோவிந்தராஜன். கோயம்புத்தூர்க்காரர். சாங்வியில் எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதை நடந்தபோது நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர். பூமிக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை பூமிக்கு மேலே இரண்டு மாடிகளில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது அந்த அலுவலகத்தின் நோக்கம்.

சாங்வியிலிருந்து ரஞ்சன்காவ் வரை இருபத்திரண்டு கிணறுகள். ஒவ்வொன்றிலும் கம்பியில் ஒரு கருவி தொங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தை அதுவே அளந்து தனக்குள் பதிந்துகொள்ளும். நாற்பது நாளுக்குத்தான் அதற்கு ஞாபகம். அதற்குப் பிறகு பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதும். ஆகவே நாற்பது நாளுக்குள் ஒருவர் போய், லாப்டாப்பைக் கருவியோடு இணைத்து, உள்ளே இருப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அந்த ஒருவர் கோவிந்தராஜன். இருபத்திரண்டு கிணறு, மாதம் ஓர் அறிக்கை. அறிக்கையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மார்ச் 31-க்குப் பிறகு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அப்படி எழுத்திலேயே இருந்தது.

2008 நவம்பரில் அலுவலகத்தின் பழைய லாப்டாப் உயிரை விட்டது. அதற்கு முன்பும் அது பெரிதாக உயிரோடு இருந்ததாகச் சொல்ல முடியாது. நாலு கிலோ எடை. பாட்டரி பத்து நிமிஷம் தாங்கும். கிணற்றடியில் பிளக் பாயிண்ட் இருக்காது.

கோவிந்தராஜன் புனே கேம்ப் பகுதியில் இஸ்மாயில் என்பவருடைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். அந்த வருடம்தான் நோட்டுப் புத்தக அளவுக்குச் சின்ன லாப்டாப்புகள் வர ஆரம்பித்திருந்தன. ஒரு கிலோகூட இல்லை. ஸ்கூட்டர் டிக்கியில் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அடங்கும். விலை பதினாலாயிரம். உள்ளே விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டே வந்தது. கருவியைப் படிக்க லினக்ஸில் ஓடும் இலவச நிரல் ஒன்றை கோவிந்தராஜன் ஏற்கெனவே தேடி வைத்திருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த ஒரு கருவியை அங்கேயே சொருகிப் பார்த்தார். அரை நிமிஷத்தில் எண்கள் கடகடவென்று இறங்கின.

"எடுத்துக்கோங்க சார், நாளைக்கே கிணத்துக்குப் போயிடலாம்" என்றார் இஸ்மாயில்.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்."

"அப்ப பெட்டியை மறுபடியும் ஒட்டி வைக்கறேன்" என்றார் இஸ்மாயில். அரசு அலுவலகங்களுக்கு நெடுநாளாக விற்பவர் அவர்.

அலுவலகத்தின் துணை இயக்குநர் லிமயே சாஹேப். அந்த மாதம் அவர் சுதந்திர மென்பொருள் பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், ஒரு சணல் பையும் லினக்ஸின் சின்னமான பெங்குயின் ஸ்டிக்கர் ஒன்றும் வாங்கி வந்திருந்தார். அப்போது புனேயில் கொஞ்சம் மேல்பதவியில் இருக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கோவிந்தராஜனின் விண்ணப்பத்தைப் படித்ததும் லிமயே எழுந்தே நின்றுவிட்டார்.

"லினக்ஸ்! கோவிந்த்ராஜ், இது லாப்டாப் இல்லை. இது சுதந்திரம். உடனே வாங்கணும்."

உடனே வாங்குவதற்காக ஐந்து பேர் கொண்ட 'சிறிய, மலிவான, லினக்ஸ் இயக்கத்தக்க மடிக்கணினித் தேர்வுக்கான உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. மூன்று பேர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அவர்கள் 'கொள்கை அளவில் உடன்படுகிறார்கள்' என்று ஒவ்வொரு தடவையும் குறிக்கப்பட்டது. வந்தவர்கள் லிமயேயும், கணக்குப் பிரிவு ருக்மிணி மேடமும். ஓரத்தில் நாற்காலி இல்லாமல் கோவிந்தராஜன்.

பேச்செல்லாம் மராத்தியில் நடந்தது, குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கோவிந்தராஜன் எங்களுக்குச் சொல்வது கோயம்புத்தூர்த் தமிழில். லிமயேயின் கைவீச்சு மட்டும் மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

டிசம்பர் கூட்டம், 'சிறிய' என்ற சொல்லைப் பற்றி.

"எதைவிடச் சிறியது?" என்றார் ருக்மிணி மேடம். "ஆடிட்டில் முதல் கேள்வியே இதுதான் வரும்."

"பழையதைவிடச் சிறியது என்று போடுங்கள்" என்றார் லிமயே.

"பழையதன் அளவு?"

பழையது ரிப்பேர் கடையில் இருந்தது. அதன் நீள அகலத்துக்குச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் போயிற்று. கடைக்காரர் மூன்று வாரம் கழித்து அளந்து அனுப்பினார். பையோடும் சார்ஜரோடும் சேர்த்து அளந்திருந்தார். அந்த அளவே கோப்பில் ஏறியது.

ஜனவரிக் கூட்டம், லினக்ஸைப் பற்றி.

"லினக்ஸுக்கு பில் எங்கே?" என்றார் ருக்மிணி மேடம்.

"இலவசம் மேடம்" என்றார் கோவிந்தராஜன்.

"இலவசம் என்று எதுவும் கிடையாது. விலை கொடுத்து வாங்காத பொருள் ஆபீசில் இருந்தால் ஒன்று திருட்டு, இல்லாவிட்டால் அன்பளிப்பு. திருட்டுக்கு போலீஸ். அன்பளிப்புக்குத் தடை."

"லைசென்ஸ் இருக்குங்க மேடம். பிரிண்ட் எடுத்துட்டு வந்திருக்கேன்."

மேடம் எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். "கையெழுத்து இல்லையே. யார் கொடுக்கிறார்கள் இதை?"

"யாரும் தனியா இல்லைங்க. உலகம் முழுக்க நிறையப் பேர் சேர்ந்து எழுதினது."

"உலகத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கா?"

இல்லை என்பதை கோவிந்தராஜன் ஒப்புக்கொண்டார். லிமயே சாஹேப் வழி கண்டுபிடித்தார். விண்டோஸோடு வாங்கினால் பில் வரும். பிறகு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம்.

"எடுத்துவிட்டா?" ருக்மிணி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "சாஹேப், பில் போட்டு வாங்கிய பொருளை அழிப்பதா? ஐந்து வருஷம் பழசாகி, கழிவுக் குழு பார்த்து, அப்புறம்தான் அழிக்கலாம்."

ஆகவே விண்டோஸும் இருக்க வேண்டும், லினக்ஸும் இருக்க வேண்டும். சின்ன லாப்டாப்பில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டும் கொள்ளப் பெரிய லாப்டாப் தேவை. 'சிறிய லாப்டாப் வாங்கும் பொருட்டுச் சற்றே பெரிய லாப்டாப் பரிசீலிக்கப்படலாம்' என்று அன்றைய குறிப்பில் இருக்கிறது.

பிப்ரவரியில் ஸ்டோர்ஸ் படிவம் வந்தது. 'சிடி டிரைவ்: இயங்குகிறது / இயங்கவில்லை.' சின்ன லாப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. இல்லாத ஒன்று இயங்கவில்லை என்று எழுதினால் பழுதான பொருளை வாங்கியதாக ஆகிவிடும். சிடி டிரைவ் உள்ளதாகப் பார்த்ததில் லாப்டாப் இன்னும் இரண்டு அங்குலம் வளர்ந்தது.

இஸ்மாயில் போன் பண்ணினார். "சார், அந்தச் சின்னது வித்துப்போச்சு. எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் அப்பாவோட வந்தான். பத்து நிமிஷம் பார்த்தான், வாங்கிட்டுப் போயிட்டான்."

"கமிட்டி இல்லாமயா?" என்றாராம் கோவிந்தராஜன். இந்த இடத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் சிரிப்போம்.

மார்ச் 30-ஆம் தேதி லாப்டாப் வந்து சேர்ந்தது. பதினைந்து அங்குலத் திரை, மூன்றரைக் கிலோ. பழையதைப் பையோடும் சார்ஜரோடும் அளந்ததைவிட, புதியதைப் பையில்லாமல் அளந்தால் அரை அங்குலம் குறைவு. ஆகவே சிறியது. விலை நாற்பத்தோராயிரம். வந்த மூன்று விலைப்புள்ளிகளில் அதுதான் குறைந்தது. ஆகவே மலிவானது. லினக்ஸ்? அதை உள்ளே போட பில் இல்லை. லிமயே சாஹேப் தன் சணல் பையைத் திறந்து பெங்குயின் ஸ்டிக்கரை எடுத்து, லாப்டாப் மூடியின் நடுவில் தன் கையாலேயே ஒட்டினார். ருக்மிணி மேடம் 'லினக்ஸ்: உள்ளது' என்று டிக் போட்டார். ஸ்டிக்கருக்கு பில் உண்டா என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

அவ்வளவு விலையுள்ள பொருள் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. சைக்கிள் பூட்டுச் சங்கிலியால் மேஜையோடு சேர்த்துப் பூட்டினார்கள்.

"சாஹேப், கிணத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்குத்தானுங்க இதை வாங்கினோம்."

"லாப்டாப் வெளியே போகக் கூடாது, சரி. கிணறு உள்ளே வரலாமா?"

"கிணறு எப்படிங்க சாஹேப் வரும்?"

"கோவிந்த்ராஜ், நீங்கள் எப்போதும் 'முடியாது' என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள்."

மறுநாள் மார்ச் 31. அலுவலகத்தில் விழா. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதமும் இருபத்திரண்டு கிணறுகளின் அறிக்கையை ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் கொடுத்ததற்காக கோவிந்தராஜனுக்குப் பொன்னாடை, பாராட்டுப் பத்திரம், ஒப்பந்த நீட்டிப்பு. லிமயே சாஹேப் மைக்கில் சொன்னார்: "இவ்வளவும் லினக்ஸால்தான் சாத்தியமாயிற்று!"

கதை இங்கே முடியும். எப்போதும் இங்கேதான் முடியும். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். கோவிந்தராஜனின் மனைவி கோதை பெருமையோடு ஒரு வரி சேர்ப்பாள்: "நீங்க சிரிக்கறீங்ணா. அந்த அஞ்சு மாசம் இவரு ஞாயித்துக்கிழமைகூட நோட்டும் பென்சிலுமா உக்காந்திருந்தாரு, பாவம்."

இப்போது என் சந்தேகம்.

முதல் தடவை கேட்டபோதே வந்துவிட்டது. லாப்டாப் வந்தது மார்ச் 30. அதுவும் சங்கிலியோடு. கருவிக்கு ஞாபகம் நாற்பது நாள். கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

2010-இல் எங்கள் முப்பத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்துப் புதிய ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட அனுமதி வேண்டியிருந்தது. குடியிருப்பின் செக்ரெட்டரி நான். விண்ணப்பத்தோடு பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டப் பதிவை இணைக்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஏழாம் நம்பர் கிணறு. இரண்டு பக்க நகல் வந்தது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று நாளைக்கு நாலு அளவு. ஒவ்வொன்றிலும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம். கயிறும் கல்லும் அப்படிப் பேசாது. கீழே ஒரு வரி: 'நீர்மட்டம் நிலையாக உள்ளது.'

ஸ்டோர்ஸில் இருக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் புரியாதா? புரிந்தது. ஆனால் எங்களுக்கு வேண்டியிருந்தது அனுமதி. இரண்டு பக்கத்தையும் குண்டூசியால் குத்தி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் அனுமதி வந்தது. எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். கோவிந்தராஜனும் கொடுத்தார். போரில் தண்ணீர் வந்த அன்று பேடா வாங்கி வீடு வீடாகக் கொடுத்தோம்.

நாலாவது வருடம் போரிலிருந்து காற்று வந்தது. அதற்குப் பிறகு டாங்கர்தான். லிமயேயையும் ருக்மிணி மேடத்தையும் நினைத்து நான் எத்தனை தடவை சிரித்தேன், அந்த இரண்டு பக்கத்தை எத்தனை தடவை நினைத்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். சிரித்ததுதான் அதிகம்.

போன மே மாதம் காலையில் டாங்கருக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு பக்கெட்டோடு கோவிந்தராஜன். அவருக்கு முன்னால், சென்னையிலிருந்து புதிதாக வந்து மூன்றாம் மாடியில் குடியேறிய முரளியும் அவன் மனைவி ரீனாவும். இரண்டு பேருக்கும் சாஃப்ட்வேரில் வேலை.

"அங்கிள், லினக்ஸ் பத்தி ஏதோ செம ஸ்டோரி வெச்சிருக்கீங்களாமே?" என்றான் முரளி.

கோவிந்தராஜனுக்கு அது போதும். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார். உலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப் வந்தபோது ரீனா குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். பெங்குயின் ஸ்டிக்கருக்கு டாங்கர் டிரைவரே சிரித்தார். தமிழ் தெரியாது, கைவீச்சைப் பார்த்துச் சிரித்தார். பொன்னாடை வந்தது, பாராட்டுப் பத்திரம் வந்தது, லிமயேயின் மைக் வந்தது.

"ஒரு கட்டம்கூடக் காலி இல்லைங்ணா!" என்று என் பக்கம் திரும்பினார். எப்போதும் அந்த இடத்தில் நான்தான் முதலில் சிரிப்பேன். எனக்காகக் காத்திருந்தார்.

டாங்கரில் தண்ணீர் தீர்ந்து குழாய் ஒரு தடவை இருமியது. எங்கள் இரண்டு பேர் பக்கெட்டும் காலியாகத்தான் இருந்தது.

"கோவிந்து," என்றேன், "அந்த அஞ்சு மாசம், ஏழாம் நம்பர் கிணத்துல, தண்ணி உண்மையில எத்தனை அடியில இருந்துது?"