சம்பந்தி மனசு கோணாமல்

"டிக்கெட் இல்லையாடா?" என்று அண்ணன் சேதுபதி கேட்டபோது, ஐயப்பன் புர்ஜ் கலீஃபாவின் அடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான்.

"இருக்குண்ணே. நாளன்னைக்குக் காலையில இருக்கு. சூரியன் மறையுற நேரத்துக்குத்தான் மாஃபி."

"மாஃபின்னா?"

"இல்லைன்னு அர்த்தம்."

"அதை இல்லைன்னே சொல்லித் தொலையேன்." சேதுபதி குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தியம்மா நாலு மாசமா மேல ஏறி இந்த சூரியனைப் பார்க்கணும்னுதான் சொல்லிட்டிருக்காங்க. அவங்க மனசு கோணிடக் கூடாதுடா. விஜி வாழ்க்கை."

விஜி சேதுபதியின் ஒரே மகள். தையில் கல்யாணம். அதற்குள் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பழகட்டும் என்று அண்ணன், அண்ணி நாகவள்ளி, சம்பந்தி சேதுமாதவன், அவர் மனைவி சந்திரகலா நால்வரும் மதுரையிலிருந்து துபாய் வந்திருந்தார்கள். ஐயப்பனுக்கு ராஸ் அல் கைமாவில் தரை ஓடு செய்யும் ஃபேக்டரியில் பதினாலு வருஷமாகச் சூளைப் பக்கம் வேலை. நிச்சயதார்த்தத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சம்பந்திகளை ஏர்போர்ட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

"நம்ம ஐயப்பன். எல்லாத்தையும் இவன் பார்த்துக்குவான்" என்று அண்ணன் சொன்னதும் அவனுக்குக் காது குளிர்ந்துவிட்டது.

பார்த்துக்கொள்வதில்தான் ஒரு சிக்கல். பதினாலு வருஷத்தில் அவன் துபாயைப் பார்த்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். ரூம்மேட் ஹஸ்னைனிடம் கேட்டு, விருந்தாளிகளை எங்கெங்கே கூட்டிப்போகலாம் என்று போனில் எழுதி வைத்திருந்தான். சத்வாவில் இருக்கும் சிநேகிதன் சாதிக் பாட்ஷா தன் ஏழு சீட் வண்டியைக் கொடுத்தான். சூப்பர்வைசர் காலில் விழாத குறையாக அஞ்சு நாள் லீவும் வாங்கியாயிற்று.

"கோபுரம் எங்கே ஓடிப் போகுது? இப்ப கிரீக்குல படகு சவாரி போவோம். காத்து அப்படி வரும்" என்றான்.

காற்று வந்தது. படகும் ஆடியது. சேதுமாதவன் ஒரு காலைப் படகில் வைத்து, இன்னொரு காலை எடுப்பதற்குள் செருப்பு தண்ணீருக்குப் போய்விட்டது.

"போன மாசம் எடுத்த செருப்பு" என்றார் அவர், இறந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

அண்ணன் ஐயப்பனை முறைத்தார். செருப்பைத் தள்ளிவிட்டதே அவன்தான் என்பதுபோல இருந்தது அந்த முறைப்பு.

உடனே சத்வா கடைத்தெருவுக்கு வண்டியை விட்டான். புதுச் செருப்பு கிடைப்பதற்குள் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் போய், அன்றைக்குப் பார்க்க வேண்டிய நீரூற்று ஆட்டமும் போயிற்று. மறுநாள் புதுச் செருப்பு கடித்துச் சம்பந்திக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"நடக்கவே வேண்டாத இடமாப் போவோம்" என்று பாலைவன ஜீப் சவாரிக்குக் கூட்டிப்போனான். உண்மையிலேயே நடக்க வேண்டியிருக்கவில்லை. ஜீப் மூன்றாவது மணல்மேட்டில் ஏறி இறங்கியபோது சேதுமாதவன் காலையில் தின்ற மூன்று இட்லியும் வெளியே வந்தன. நாலாவது மேட்டில் சந்திரகலாவும் கணவருக்குத் துணை நின்றாள்.

"உன்னை நம்பி வந்தேன் பாரு" என்றார் அண்ணன்.

ஐயப்பனுக்கு வருத்தம்தான். ஆனால் அண்ணன் அக்கறையில்லாதவர் இல்லை. சாப்பிடப் போகும்போதெல்லாம், "நீ வண்டியிலயே இருடா, ஃபைன் கீன் போட்டுருவான்" என்று சொல்லிவிட்டு மறக்காமல் பார்சல் கொண்டுவந்தார். அண்ணிதான் கொஞ்சம் மாறிப்போயிருந்தாள். ஊரில் வாய் நிறையத் 'தம்பி' என்பவள், இங்கே பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஃபாரின் காற்று பட்டால் இப்படி ஆகும்போல என்று நினைத்துக்கொண்டான்.

"நம்ம விஜி சின்னப் புள்ளையில..." என்று அவன் ஒருமுறை ஆசையாக ஆரம்பித்தபோது, அண்ணி வெடுக்கென்று, "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க ஐயப்பன்" என்றாள். அதுவும் நியாயம்தான். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள், அடிவாங்கி ஓய்ந்திருந்த நால்வரையும் தான் வேலை செய்யும் ராஸ் அல் கைமா கடற்கரைக்கே கூட்டிப்போனான். அங்கே கூட்டமில்லை, டிக்கெட்டில்லை. வழியில் ஃபேக்டரிச் சுவர் வந்தது. வேகத்தைக் குறைத்தான்.

"அண்ணே, இதுதான்..."

"நேரா போடா!" அண்ணன் போட்ட சத்தத்தில் வண்டியே ஒருமுறை குலுங்கியது.

கடற்கரையில் சேதுமாதவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொப்புளக் காலை அலையில் வைத்தார். முகம் தெளிந்தது. சூரியன் எந்த டிக்கெட்டும் கேட்காமல் சிவந்து, பெருத்து, தண்ணீரில் இறங்கியது. சந்திரகலா கைகூப்பி நின்றாள். நாலு நாளில் முதன்முதலாக எல்லோரும் சிரித்தார்கள். ஐயப்பன் நாற்பது போட்டோ எடுத்தான். "நீயும் வந்து நில்லு" என்று யாராவது சொல்வார்களா என்று இரண்டு முறை பார்த்தான். யாருக்கும் தோன்றவில்லை. போகட்டும், சம்பந்தி சிரிக்கிறார், விஜி நன்றாக இருப்பாள்.

ஐந்தாம் நாள் காலை ஏர்போர்ட். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மூவரும் முன்னால் போய்விட்டார்கள். அண்ணன் அவசரத்தில் கையை மட்டும் ஆட்டினார். சந்திரகலா மட்டும் வாசலில் நின்று, திரும்பி வந்தாள்.

"ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம் தம்பி."

"என்னம்மா இது, என் கடமை" என்றான் ஐயப்பன். அவள் சொன்னது அண்ணன்கூடச் சொல்லாத வார்த்தை.

அவள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள்.

"விஜியோட சித்தப்பா அபுதாபியில பெரிய இன்ஜினியராம். கூடப் பொறந்த அண்ணன் அஞ்சு நாள் இங்க வந்து இருந்துட்டுப் போறாரு, அந்த மனுஷன் ஒரு தடவை எட்டிப் பார்த்தாரா பாருங்க! வண்டி ஓட்ட வந்த நீங்க இவ்வளவு செஞ்சீங்க."