அமைதித் தொட்டி

"அண்ணா, ஸ்பீக்கரை நிறுத்து."

சொல்லியேவிட்டாள். சமையலறையில் அம்மாவின் கையிலிருந்து கரண்டி நழுவியது. விழுந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அந்த வீட்டில் பாதி விஷயங்களைக் கண்ணால்தான் கேட்க வேண்டும்.

அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றே அம்மா சொல்லி வைத்திருந்தாள். "உங்க அண்ணன்கிட்ட என்ன வேணா கேளு. சத்தத்தைக் குறைன்னு மட்டும் கேட்காத. அந்தச் சத்தத்துலதான் இந்த வீட்டு அடுப்பு எரியுது." அவளும் கேட்டதில்லை. மூன்று வருடம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு விலங்கியல் படித்துத் தேறினாள். ஏழு தலைமுறையைத் தோண்டினாலும் கிடைக்காத முதல் பட்டதாரி. தெருவில் அவள் பெயர் 'டிகிரி'. வீட்டு முன்னறையில் கடை போட்டு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணன் பெயர் 'இடி'.

இடி பாட்டை நிறுத்தினான். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"எதுக்கு?"

"மீனுக்கு."

மேசைமேல் கண்ணாடித் தொட்டி. உள்ளே எட்டுத் தங்கமீன்கள், டிக்கெட் எடுக்காதவர்கள் பரிசோதகரைப் பார்த்ததுபோல் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன.

அவள் கல்லூரிப் பேராசிரியரின் ஆராய்ச்சி அது. வீட்டுச் சத்தமும் உரத்த பாட்டும் தொட்டி மீன்களை என்ன செய்கின்றன? ஆய்வகத்தில் ஒரு தொட்டிக்குத் தினமும் எட்டு மணி நேரம் பாட்டு. இன்னொரு தொட்டிக்கு மூச்சு விடும் சத்தம்கூட ஆகாது. அதுதான் 'அமைதித் தொட்டி'. ஆய்வகக் கூரையை இடித்துக் கட்டுவதால் இரண்டு வாரத்துக்கு அதை அவளிடம் கொடுத்துவிட்டார்.

"உங்க வீடு அமைதியானதுதானே?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றாள். அண்ணன் தொழிலைச் சொல்ல நாக்கு கூசியது. ஆய்வக உதவியாளர் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்திலேயே 'மின்சாதனத் தொழில்' என்றுதான் எழுதியிருந்தாள்.

"இந்த எட்டும் உயிரோட திரும்பிப் போகணும். போனாத்தான் எனக்கு அந்த உதவியாளர் வேலை. இருக்கிறது ஒரே இடம்" என்றாள் அண்ணனிடம்.

"மூணு வருஷத்துல உனக்குன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா? மீனுக்குக் கேட்கிற."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பியா?"

"கேட்டிருந்தாத்தானே தெரியும்."

அவள் நோட்டைத் திறந்து தேதியை எழுதினாள்.

ஆனாலும் அடியோடு நிறுத்தத் தேவையில்லை என்றுதான் இடி முதலில் நினைத்தான். தொழில் தெரிந்தவன் அல்லவா? "பாட்டு ஒண்ணும் பண்ணாது. அடியில உறுமுற பேஸ்தான் தண்ணியை உலுக்குது" என்று பேஸைச் சுத்தமாகக் குறைத்தான். மிச்சமிருந்த கீச்சுக்குரல் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊசிபோல் வந்தது. மீன்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டன. நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் அசைகிறது என்று எண்ணி நோட்டில் எழுத வேண்டும். எண்ண முடியாத வேகத்தில் அடித்தது.

தொட்டியைச் சமையலறைக்கு மாற்றினார்கள். அங்கே மிக்ஸி. மிக்ஸியை அம்மா தள்ளி வைத்தாள், குக்கரை மறந்துவிட்டாள். மூன்றாவது விசிலுக்கு ஒரு மீன் தொட்டியைவிட்டே எகிறிக் குதித்து, அடுப்பு மேடையில் வெங்காயத்தோலுக்குள் விழுந்தது. அவள் ஓடிவந்து எடுப்பதற்குள் அது அடங்கிவிட்டது.

"வறுக்கிறதுக்குன்னு தானா வந்து விழுந்த மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா.

"அம்மா!"

"சிரிக்கலேடி. பயத்துல வருது."

மறுநாள் காலை இடி கடைக் கதவை இறக்கினான். ஒயர்களைச் சுருட்டினான். "ரெண்டு வாரம்தானே. ஊமையாவே இருந்து பார்ப்போம்."

இருந்தார்கள். அம்மா எல்லாவற்றையும் கையால் அரைத்தாள். தும்மல் வந்தால் தெருக்கோடிக்கு ஓடினாள். உப்பு வேண்டுமென்றால் நாக்கைக் காட்டுவது, தண்ணீர் வேண்டுமென்றால் தொண்டையைத் தொடுவது. அப்பாவுக்குத்தான் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இடிக்கு முன்னால் முப்பது வருடம் அதே தொழிலைப் பார்த்தவர். காது எப்போதோ போய்விட்டது. "என்ன, எல்லாரும் கையைக் கையை ஆட்டுறீங்க?" என்று அவர் மட்டும் உச்சக் குரலில் கேட்டார். அவர் வாயைப் பொத்துவது இடியின் பொறுப்பு.

மூன்றாம் நாள் மீன்கள் மூலையைவிட்டு வெளியே வந்தன. இரண்டே நிமிடத்தில் இரையைத் தின்று முடித்தன. 'ஏழு, நலம்' என்று அவள் நோட்டில் எழுதினாள்.

நான்காம் நாள் தெரு முடிவு கட்டிவிட்டது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஓயாத வீடு ஓய்ந்திருக்கிறது. கதவு மூடியிருக்கிறது. தாயும் மகளும் சைகையில் பேசுகிறார்கள். வேறு என்ன இருக்க முடியும்?

முதலில் வந்தது பக்கத்துத் தெரு அத்தை. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ, எங்கண்ணா! ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே!"

டிகிரி ஓடினாள். "அத்தை, கத்தாதீங்க! மீன் இருக்கு!"

"பெத்தவன் போயிட்டான், மீனு கேட்குதாடி உனக்கு!" அத்தை அவளைக் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதாள். பின்னாலேயே பத்துப் பேர். நாற்காலிகள் இழுபட்டன. யாரோ ஒருவர் மலர்வளையத்தைக் கொண்டுவந்து, வைக்க இடம் தேடி, தொட்டியின்மேல் சாத்தினார்.

கூட்டம் கண்ணில் பட்டதும் உள்ளேயிருந்து அப்பா வெளியே வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அத்தையின் தோளைத் தட்டி, "யாரும்மா போனது? நல்ல மனுஷனா?" என்று கேட்டார்.

அத்தை போட்ட கூச்சலில் மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டின.

அழுகையை நிறுத்தப் பத்து நிமிடம் ஆனது. செய்தியை நிறுத்த முடியவில்லை. வருடம் முழுக்க இடியிடமே ஸ்பீக்கர் எடுக்கும் மண்டபத்துக்காரர், துக்க வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், எதிர்க்கடைக்காரனுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டார். இடி போய்ப் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தான். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினான்.

"என்னண்ணா ஆச்சு?"

"மீன் எத்தனை இருக்கு?"

"நாலு."

"நாலாச்சும் இருக்கே" என்றான். கடைக் கதவைத் திறக்கவில்லை. மீதி நாளும் திறக்கவில்லை.

பதினைந்தாம் நாள், மடியில் நான்கு மீன்களுடன் பேருந்தில் போகும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

பேராசிரியர் நோட்டைப் புரட்டினார். குக்கர் விசில், மிக்ஸி, மலர்வளையம், அத்தை, எல்லாம் மணிக்கணக்கோடு இருந்தன.

"என்னம்மா இது? ஒப்பாரின்னு எழுதியிருக்கீங்க?"

"நடந்ததை எழுதினேன் சார்."

"அமைதியான வீடுன்னு நீங்கதானே சொன்னீங்க? நம்பித்தானே கொடுத்தேன்? உங்க மாதிரிக் குடும்பத்துல இருந்து வர்றவங்களுக்கு இந்த ஒழுங்கு வரக் கொஞ்சம் நாளாகும். பரவாயில்ல." புது நோட்டு ஒன்றை நகர்த்தினார். "எட்டும் நலம்னு முதல்ல இருந்து எழுதிக் கொடுத்துடுங்க. வேலை உத்தரவு அடுத்த வாரம் வந்துடும்."

"செத்தது நாலு சார்."

"கடையில வாங்கிப் போட்டுக்கலாம். மீனுக்கென்ன பேரா இருக்கு?"

அவள் தன் நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். 'எங்கள் வீடு அமைதியானது என்று நான் சொன்னது பொய். என் அண்ணன் ஒலிபெருக்கிக் கடை வைத்திருக்கிறான். என் மீன்களுக்காக அதை மூடியவனும் அவன்தான்.' கையெழுத்துப் போட்டாள்.

"இதை ஆராய்ச்சியில அப்படியே போடுறதா இருந்தா என் பேரைப் போடுங்க. இல்லேன்னா எடுத்துடுங்க. வேலையும் வேண்டாம்."

"யோசிச்சுப் பேசுறீங்களா?"

"பஸ்லயே யோசிச்சுட்டேன் சார்."

நடைபாதையில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வகத்து அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"போறேன்க்கா. ஒரு பொய் சொன்னேன், நாலு மீன் செத்துச்சு, எங்கண்ணன் பொழப்பும் போச்சு. சாரும் ஒத்தை ஆளாத்தானே அவ்வளவு பெரிய வீட்டுல இருக்காரு? அங்கேயே வெச்சிருக்கலாம்." நிற்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

அவள் வாசலைத் தாண்டும்போது அக்காவின் குரல் பின்னாலேயே வந்தது.

"அங்கதான்டி முதல்ல வெச்சாரு! தொட்டி மோட்டார் சத்தத்துல தூக்கமே வரலைன்னு மறுநாளே தூக்கிட்டு வந்து, 'அந்தப் பொண்ணு வீடு ஸ்பீக்கர் கடை, அவங்க காதுல இதெல்லாம் எங்க விழப்போகுது'ன்னு அவரேதான் உன் பேரைச் சொன்னாரு!"